ஜார்ஜ் டவுன் சுவரோவியங்கள்: ஒரு குழுவைக் காலை நடையில் அழைத்துப்போக முழு வழிகாட்டி

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனுக்குக் குடும்பமாகவோ நண்பர்களாகவோ போகும்போது, சுவரோவியங்களைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு யாராவது ஒருவர் தலையில் விழும். இந்த வழிகாட்டி அந்த ஒருவருக்காக. எட்டுப் பத்துப் பேரை, அதில் ஒரு பாட்டியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தாலும், யாரும் சோர்ந்துபோகாமல் மூன்று மணி நேரத்தில் நடத்திக் கூட்டிவரும் முறை இதில் இருக்கிறது.

புதிதாக அழைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வரைபடத்தில் எது அருகில் இருக்கிறதோ அதிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். ஜார்ஜ் டவுனில் வரிசையைத் தீர்மானிக்க வேண்டியவை கூட்டமும் வெயிலும்தான். தூரம் அதற்கு அப்புறம். பழைய நகரம் சிறியது. இங்கே சொல்லும் பாதை முழுவதும் சேர்த்தால் மூன்று கிலோமீட்டர் சுமார்தான் வரும்.

காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டுவதாக இருந்தால் மலேசியாவில் சுற்றுலா வழிகாட்டி உரிமம் கட்டாயம். இங்கே சொல்வதெல்லாம் சொந்தபந்தங்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு.

1. முந்தைய நாள் மாலை தனியாக நடந்து பாருங்கள்

இதைத் தவிர்ப்பவர்கள்தான் மறுநாள் ஒரு வெற்றுச் சுவருக்கு முன்னால் பத்துப் பேரோடு நிற்பார்கள்.

லித்துவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் சகாரெவிச் 2012-ல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்தவைதான் இங்கே எல்லாரும் தேடி வரும் ஓவியங்கள். நூறாண்டு நிற்க வேண்டும் என்று திட்டமிட்டு வரையப்பட்டவை அல்ல. பழைய கடைவீடுகளின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். அவை ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விட்டபடி இருக்கும். மேலே இன்றைய பெயின்ட் ஏறினால் ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளிருந்து உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்று விழும். ஓவியமும் அதோடு போகும். கடலோரக் குடியிருப்பான சியூ ஜெட்டியில் படகில் குழந்தைகள் இருப்பதுபோல் அவர் வரைந்ததும் மங்கிப்போனது. பழைய வரைபடங்களில் அது இன்னும் இருக்கிறது.

நடக்கும்போது மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஓவியம் இருக்கிறதா, அதற்கு எதிரே குழு நிற்க நிழல் இருக்கிறதா, பக்கத்தில் கழிப்பறை உள்ள கடை எது. மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. இந்தப் பகுதியில் பொதுக் கழிப்பறை அரிது. ஒரு கோப்பி வாங்கினால்தான் பல கடைகளில் உள்ளே விடுவார்கள்.

2. நாளைத் தேர்ந்தெடுங்கள்

செவ்வாய், புதன், வியாழன் நல்லது. சனி, ஞாயிறு, மலேசியப் பள்ளி விடுமுறை நாட்களில் சைக்கிள் ஓவியத்துக்கு முன்னால் மட்டுமே அரை மணி நேரம் போய்விடும்.

தைப்பூசத்தை ஒட்டிப் போகிறவர்கள் அந்த நாட்களில் ஓவிய நடையை வைக்கவே வேண்டாம். ரதங்கள் லிட்டில் இந்தியாவிலிருந்துதான் புறப்படுகின்றன. தெருக்கள் நிரம்பி வழியும், சாலைகள் அடைபடும். அன்று ரதத்தோடு நடப்பதே சரி. சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாட்களில் கடைகள் மூடியிருப்பதால் தண்ணீருக்கே அலைய நேரும்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் வந்திறங்கிய மறுநாள் காலையை ஓவியத்துக்கு ஒதுக்காதீர்கள். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். அங்கே காலை ஏழரை என்றால் உங்கள் உடம்புக்கு அது விடியற்காலை ஐந்து. பிள்ளைகள் முதல் தெருவிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு நாள் கழித்து வையுங்கள்.

3. எத்தனை மணிக்குத் தொடங்குவது

காலை 7.45-க்கு முதல் ஓவியத்தின் முன்னால் நிற்க வேண்டும். விடுதியை விட்டுக் கிளம்பும் நேரம் அல்ல இது.

பினாங்கில் ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் சூரியன் உதிக்கிறது. சென்னைக் கணக்கில் ஆறு மணிக்கு எழுந்து போனால் இருட்டில் நிற்பீர்கள். 7.45-க்கு வெளிச்சம் போதும், வெயில் இருக்காது. இரு பக்கமும் உள்ள கடைவீடுகள் இரண்டு மாடி உயரம், தெரு குறுகல், அதனால் அப்போது தெரு முழுக்க நிழலில் இருக்கும். ஒன்பது மணிக்குமேல் வெயில் சுவரில் பாதியில் வந்து விழும். மேல் பாதி வெளுத்தும் கீழ்ப் பாதி கறுத்தும் போனால் எந்தக் கைபேசியும் நல்ல படம் தராது.

பதினோரு மணிக்கு முடித்துவிடுங்கள். அதற்குமேல் வெக்கையோடு நடப்பது பெரியவர்களுக்கு ஆகாது.

4. ஆட்களும் பையும்

பத்துப் பேருக்குமேல் வேண்டாம். பதினைந்து பேர் என்றால் இரண்டு குழுவாகப் பிரித்து, இருபது நிமிட இடைவெளியில் விடுங்கள். காரணம் நடைபாதை. கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடையில் இருவர் இணையாகப் போகலாம், அவ்வளவுதான். அதிலும் ஒரு கடைக்குப் படி ஏறும், அடுத்த கடைக்கு இறங்கும், நடுவில் மோட்டார் சைக்கிளோ சரக்கு மூட்டையோ இருக்கும். அந்த இடத்தில் எல்லாரும் ரோட்டில் இறங்குவார்கள். பெரிய குழு இறங்கினால் வண்டிகள் ஹார்ன் அடிக்கும்.

ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர், தொப்பி, குழுவுக்கு இரண்டு குடை. கால் முழுதும் மூடிய, வழுக்காத செருப்போ ஷூவோ. கோயிலுக்குள்ளும் போகப்போகிறோம் என்பதால் எளிதில் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். தோளும் முழங்காலும் மறைகிற உடை. சில்லறை ரிங்கிட் நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

ஒருவரைக் கடைசி ஆளாக நியமியுங்கள். குழுவின் பின்னால் அவர்தான் வருவார், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முனையிலும் தலையெண்ணி நிற்க வேண்டிவரும்.

5. தெருப் பெயர்களை முன்பே பழகிக்கொள்ளுங்கள்

பலகையில் மலாய்ப் பெயர் ('லெபோ' என்றால் தெரு, 'ஜாலான்' என்றால் சாலை). உள்ளூர்க்காரர் வாயில் பழைய ஆங்கிலப் பெயர். பீச் தெரு என்று கேட்டால் பலகை லெபோ பந்தாய் என்று சொல்லும். பிட் தெரு என்பது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். வெல்ட் கீ என்பது பெங்காலான் வெல்ட்.

இரண்டு குழப்பங்கள் மிகவும் காலத்தைத் தின்கின்றன. ஒன்று, லெபோ பினாங் வேறு, ஜாலான் பினாங் வேறு. முதலாவது லிட்டில் இந்தியாவுக்குள், இரண்டாவது பழைய நகரத்தின் மேற்கு ஓரத்தில். காரை வரச்சொல்லும்போது தவறாகத் தட்டினால் வண்டி எங்கோ போய் நிற்கும். இன்னொன்று, பெயரின் முன்னால் 'காட்' என்று இருந்தால் அது அதே தெருவின் கடலோரத் துண்டு. சூலியா தெருவும் சூலியா காட்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தாலும், ஊஞ்சல் ஓவியம் காட் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. சூலியா தெருவின் மறுமுனையில் தேடினால் கிடைக்காது.

6. முதல் நிறுத்தம்: ஆர்மேனியன் தெரு சைக்கிள்

சுவரில் சாய்த்துப் பொருத்திய உண்மையான பழைய சைக்கிள். அதை ஓட்டுவதாக ஓர் அக்கா, பின்னால் அவளைக் கட்டிப்பிடித்தபடி தம்பி, இருவரும் வரையப்பட்டவர்கள். இங்கே முதலில் வருவதற்கு ஒரே காரணம், ஒன்பது மணியிலிருந்து வரிசை நிற்கும், அதன் பிறகு நாள் முழுக்கக் குறையாது.

நேராகச் சுவருக்குப் போகாதீர்கள். குழுவை எதிர்ப்பக்கம் நிறுத்தி, சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லி முடியுங்கள். இரண்டு நிமிடத்துக்குமேல் பேச வேண்டாம். எதிரிலிருந்து பார்த்தால்தான் எது பெயின்ட், எது இரும்பு என்று கண் தடுமாறும். இந்த ஓவியத்தின் சுகமே அதில்தான் இருக்கிறது. சுவரை ஒட்டிப் போனவர்களுக்கு அது வெறும் சைக்கிள்.

அடுத்து, ஆளில்லாமல் ஒரு படம். பிறகு குழுப்படம். பிறகுதான் தனித்தனிப் படங்கள். தனிப்படங்களில் தொடங்கினால் குழுப்படத்துக்குள் மற்றவர்கள் வந்துவிடுவார்கள்.

படமெடுப்பவர் குனிய வேண்டும். ஓவியத்தில் இருப்பது குழந்தைகள், அவர்கள் உயரமும் குழந்தைகளுடையதே. நின்றபடி எடுத்தால் முகங்கள் கீழ்நோக்கி அமுங்கும். கேமரா இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் நிற்கும் பெரியவர்களும் சற்று உட்கார்ந்தால் படம் அழகாக வரும்.

சைக்கிளில் ஏற வேண்டாம், பிள்ளைகளையும் ஏற்ற வேண்டாம். எல்லாரும் பிடிக்கும் இடங்களில் பெயின்ட் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்த்தாலே காரணம் புரியும். பிள்ளைகளுக்கு அந்த இடத்தைச் சுட்டிக் காட்டுங்கள், அதட்ட வேண்டியிருக்காது.

இந்தத் தெருவில் பின்னாளில் வந்த ஓவியங்கள் பல உண்டு. சில கடைகள் தங்களுக்கு விளம்பரமாக வரைந்துகொண்டவை. எல்லாவற்றிலும் நின்றால் வேளை போய்விடும். கடந்து போங்கள்.

7. ஆ குவீ தெரு மோட்டார் சைக்கிள்

ஐந்து நிமிட நடை. வரிசையில் இரண்டாவதாக நிரம்பும் இடம் இது என்பதால்தான் கெனன் தெருவுக்கு முன்பே இங்கே வருகிறோம். பழைய மோட்டார் சைக்கிள் உண்மையானது, அதில் அமர்ந்திருக்கும் பையன் ஓவியம். துருவேறிய இரும்பு, விளிம்பு கூர்மை. சிறு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதே தெருவில் புரூஸ் லீ பூனைகளை உதைப்பதுபோல் ஓர் ஓவியம் இருக்கிறது. பிள்ளைகள் சிரித்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடுவார்கள். 2013-ல் தெரு விலங்குகளுக்காகக் கலைஞர்கள் சேர்ந்து செய்த '101 தொலைந்த பூனைக்குட்டிகள்' வரிசையைச் சேர்ந்தது அது. உண்மையான புரூஸ் லீ இப்படிச் செய்யமாட்டார் என்பதுதான் அதன் சேதி. ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தலைகீழாகப் புரிந்துகொண்டு போவார்கள்.

8. கெனன் தெருவும் கம்பிச் சிற்பங்களும்

பிட் தெருவுக்கு வந்து தெற்கே திரும்பினால் கெனன் தெரு. நாற்காலிமேல் ஏறி நின்று மேலே எட்டும் பையன் இங்கே. நாற்காலி உண்மையானது. ஐந்து நிமிடம் போதும், இங்கே வரிசை அதிகம் இருப்பதில்லை.

அருகிலேயே கம்பிச் சிற்பம் ஒன்றும் உண்டு. 1867 கலவரத்தின்போது பீரங்கிக் குண்டு விழுந்து பள்ளமானதால் வந்த பெயர் என்று தெருப்பெயரின் கதையை அது சொல்கிறது. இரும்புக் கம்பியை வளைத்துக் கேலிச்சித்திரமாக்கிச் சுவரில் பொருத்திய இவை நகரம் முழுக்க 52 இருக்கின்றன. 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஜார்ஜ் டவுன் சேர்ந்த பிறகு, மாநில அரசு நடத்திய போட்டியில் தேர்வான திட்டம்.

52-ஐயும் பார்த்தே தீருவது என்று கிளம்புகிறவர்கள் நொந்துபோகிறார்கள். வழியில் வருவதை மட்டும் பாருங்கள். ஓவியத்திலிருந்து ஓவியத்துக்கு நடக்கும்போது பிள்ளைகளை முன்னால் விட்டு "அடுத்த கம்பிப் படத்தை யார் முதலில் கண்டுபிடிப்பது" என்று சொல்லிவிட்டால், நடை தன்னால் வேகம் பிடிக்கும்.

இவற்றைப் படமெடுக்க மேகமூட்டமோ காலை நிழலோ வேண்டும். கம்பி சுவரிலிருந்து சற்று விலகி நிற்பதால், வெயில் விழுந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் நிழல்கோடு ஒன்று விழுந்து உருவம் இரட்டையாகத் தெரியும். எழுத்துகளைப் படிக்கவே முடியாமல் போகும்.

9. லிட்டில் இந்தியாவில் பசியாறுங்கள்

ஒன்பது மணி ஆகியிருக்கும். பிட் தெருவில் வடக்கே நடந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இடப்பக்கம் வரும். அதைத் தாண்டி வலப்பக்கம் லெபோ பசார். இட்லி, தோசை, ரொட்டி சானாய், தே தாரே எல்லாம் கிடைக்கும். தமிழிலேயே கேட்கலாம் என்பதால் பெரியவர்களுக்கு இந்த இடம் தெம்பு தரும்.

முக்கால் மணி நேரம் தாராளமாக ஒதுக்குங்கள். சாப்பாட்டை முன்னால் வைத்தால் சைக்கிளுக்கு வரிசையில் நிற்க வேண்டிவரும். இதற்கும் பின்னால் தள்ளினால் பசியில் எரிச்சல் வரும். கழிப்பறையை எல்லாரும் இங்கேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குவீன் தெருவில் மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. கும்பிட விரும்புகிறவர்கள் இப்போதே போய் வரட்டும், நண்பகலில் நடை சாத்திவிடும்.

10. சூலியா காட், பிறகு சியூ ஜெட்டி

பீச் தெருவுக்கு இறங்கித் தெற்கே வந்து, சூலியா காட்டில் கடலை நோக்கித் திரும்புங்கள். உள்ளே ஒரு சந்தில் அண்ணனும் தங்கையும் ஊஞ்சலாடும் ஓவியம். பினாங்குக் கலைஞர் லூயிஸ் கான் வரைந்தது. ஊஞ்சல் நிஜம். சந்து குறுகல் என்பதால் குழுவை வெளியே நிறுத்தி நான்கு நான்கு பேராக அனுப்புங்கள்.

அங்கிருந்து வெல்ட் கீ. பெரிய சாலை, வண்டிகள் வேகமாக வரும். சமிக்ஞை உள்ள இடத்தில்தான் கடக்க வேண்டும். சியூ ஜெட்டி, கடலுக்குள் மரக்கால்களின்மேல் நிற்கும் வீடுகளின் வரிசை. அங்கிருந்த ஓவியம் மங்கிப்போனதை முன்பே சொன்னோம், அதைத் தேடிப் போக வேண்டாம். நடைக்கு நடுவில் கடற்காற்று வாங்கவும், ஓவியங்களில் வரும் வாழ்க்கை எங்கே நடக்கிறது என்று காட்டவும் போகலாம்.

இங்கே குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். முன்கட்டில் கடை இருந்தாலும் பின்கட்டில் குடும்பம் வாழ்கிறது. திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டுவது, காயும் துணியைத் தள்ளிவிட்டு நிற்பது, இரண்டும் அங்கே இருப்பவர்களைப் புண்படுத்துகின்றன. நுழைவிடத்தில் உள்ள பலகையில் பார்வை நேரமும் விதிகளும் இருக்கும், குழு முழுவதும் ஒருமுறை படிக்கட்டும். காலடியில் உள்ள மரப்பலகைகளுக்கு இடையே இடைவெளி உண்டு. குதிகால் உயர்ந்த செருப்பு மாட்டிக்கொள்ளும்.

11. முன்த்ரி தெருவுக்கு நடக்காதீர்கள்

கடைசி நிறுத்தம் நகரத்தின் மறுகோடியில். இந்நேரம் பத்தரை ஆகியிருக்கும், வெயில் ஏறியிருக்கும். ஜெட்டியிலிருந்து, கைபேசிச் செயலியில் அழைக்கும் கிராப் கார் பிடியுங்கள். நடுநகரைச் சுற்றிவரும் இலவச கேட் பேருந்தும் ஜெட்டியிலிருந்துதான் புறப்படுகிறது. அது கொம்தார் கோபுரத்தின் பக்கம் சுற்றிப் போகும், ஆகவே எங்கே இறங்குவது என்று ஓட்டுநரிடம் கேட்டுவிட்டே ஏறுங்கள். பெரியவர்கள் இருந்தால் கார்தான் உத்தமம்.

முன்த்ரி தெருவில் நீலச் சட்டைச் சிறுமி, இரண்டு சன்னல்களின் மேல்விளிம்பில் கை ஊன்றித் தன்னைத் தூக்கிக்கொள்வதுபோல் சுவர் முழுக்க நிற்கிறாள். எதிர்ப்பக்கத்திலிருந்துதான் முழு உருவமும் தெரியும். கீழே கார் நிறுத்தியிருந்தால் பொறுமையாக இருங்கள், அல்லது மேல்பாதியை மட்டும் எடுங்கள். காருக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து நின்று எடுக்கும் படத்தில் சட்டை மட்டுமே இருக்கும். பக்கத்து லவ் லேனில் மனைவியை ஏமாற்றும் கணவனின் கம்பிச் சிற்பத்தைப் பார்த்துவிட்டு, குளிர்ந்த கடை ஒன்றில் உட்காருங்கள்.

12. மழை பிடித்துக்கொண்டால்

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம். காலையில் தப்பினாலும் பிற்பகலில் கொட்டும். தூறல் என்றால் ஐந்தடி நடையின் கூரை காப்பாற்றும், நடையை நிறுத்த வேண்டாம். ஈரச் சுவரில் நிறம் சற்று அடர்த்தியாகவே தெரியும். பெருமழை என்றால் முதலில் ஜெட்டியை வெட்டுங்கள், நனைந்த பலகை பாசிபோல் வழுக்கும். அடுத்து ஊஞ்சல் சந்து.

மிச்ச நேரத்துக்கு ஜாலான் குருத்வாராவில் உள்ள ஹின் பஸ் டெப்போவுக்குக் காரில் போங்கள். பழைய பேருந்துப் பணிமனை, இப்போது கலைக்கூடம். சகாரெவிச் 2014-ல் தன் தனிக் கண்காட்சியை இங்கேதான் நடத்தினார். கூரையுள்ள காட்சிக்கூடமும் உண்டு. ஞாயிறு என்றால் சந்தையும் இருக்கும், கார் கிடைப்பது சிரமம். திரும்பும் வண்டியைப் பத்து நிமிடம் முன்பே அழைத்துவிடுங்கள்.